ரவையைக் கழுவாதீங்க, கையைக் கழுவுங்க

சாரல் சீசன் ஆரம்பிச்சா மேலகரத்துல ரெண்டு விஷயம் தானா நடக்கும் மக்களே. ஒண்ணு, குற்றாலம் ரோட்டுல வண்டி நகராது. இன்னொண்ணு, ஏர் ரைஃபிள் வச்சிருக்கிற நம்ம தோஸ்துங்க டப்பா டப்பாவா பெல்லட்டை வாளியில கொட்டி சோப்புத்தண்ணி விட்டுக் கழுவ ஆரம்பிச்சிருவாங்க. கழுவி, துண்டுல காயப்போட்டு, அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், ஒருத்தர் விளக்கெண்ணெய் வரைக்கும் போயிட்டார். ஏன் அண்ணாச்சினு கேட்டா, "அப்பதாம்ல ரவை நேரா போகும்"ங்கிறார்.

இந்த நம்பிக்கையைத்தான் இன்னிக்குப் பிரிச்சு மேயப் போறேன். கோவப்படுறவங்க முழுசாப் படிச்சிட்டுக் கோவப்படுங்க.

முதல்ல நியாயமா ஒண்ணு சொல்லிடுறேன். இந்தப் பழக்கம் சும்மா முளைச்சது இல்ல. வெளிநாட்டுல ரொம்ப சக்தி வாய்ந்த ஏர் ரைஃபிள்கள் இருக்கு. குண்டு வேகமாப் போகும்போது குழலுக்குள்ள காரீயம் ஒட்டிக்கும், குறி கெடும். அந்தத் துப்பாக்கிக்கு மெல்லிசா ஒரு பூச்சு உதவும். அதை நான் மறுக்கல. ஆனா நம்ம கையில இருக்கிறது அது இல்லையே வே! நம்ம நாட்டுல 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள்படி, லைசென்ஸ் இல்லாம வச்சுக்கிற ஏர் ரைஃபிள்னா 4.5 மி.மீ குழல், 20 ஜூல் சக்தி, அதுக்கு மேல கிடையாது. போட்டி ரைஃபிள் இன்னும் சாது. 0.53 கிராம் குண்டு, நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகம். கணக்குப் போட்டுப் பாருங்க, 8 ஜூல் கூட வராது. இந்த வேகத்துல எண்ணெய் தீர்த்து வைக்கிற அளவுக்குப் பிரச்சினையே இல்ல. இல்லாத நோய்க்கு லேகியம் எதுக்கு?

"நீ பெரிய ஆளு, ஒலிம்பிக்ல பாயிண்ட் பாயிண்ட்டா எண்ணுதாங்க தெரியுமா"னு ஒரு கேள்வி வரும். தெரியும். 2024 பாரீஸ்ல பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்று ஞாபகம் இருக்கா? கடலூர்ல பிறந்த நம்ம இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்து 10-வது இடம். ரமிதா ஜிந்தல் 631.5 எடுத்து 5-வது இடம். முதல் 8 பேருக்குத்தான் ஃபைனல். ரமிதா உள்ள, இளவேனில் வெளிய. வித்தியாசம் 0.8. கார்டுல 0.1 பாயிண்ட்ங்கிறது கால் மில்லிமீட்டர். அப்ப 60 குண்டையும் சேர்த்து மொத்த வித்தியாசமே 2 மில்லிமீட்டர்தான்!

இதைப் பார்த்துட்டுத்தான் நம்ம பசங்க எண்ணெயில ஏதாவது மந்திரம் இருக்கும்னு தேடுதாங்க. ஆனா இதே கணக்குதான் எண்ணெய்க்கு எதிரான சாட்சியும். நல்ல பெல்லட் டப்பாவுக்கு எதுக்கு அவ்வளவு காசு கொடுக்கோம்? உள்ள இருக்கிற 500 குண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்னுதான். தலை அளவு 4.49, 4.50னு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்துப் பிரிச்சு அடைக்கிறாங்க. அதை வாளியில கொட்டி அலசினா ஒண்ணோட ஒண்ணு மோதி பாவாடை நெளியும். (பின்னாடி குழிவா, மெல்லிசா இருக்குல்ல, அதுதான் பாவாடை. காத்தை அடைக்கிறதே அதுதான்.) அப்புறம் எண்ணெய் விட்டுக் குலுக்கினா ஒரு குண்டுக்குழிக்குள்ள அரைச் சொட்டு, அடுத்ததுல ஒண்ணுமே இல்ல. காசு கொடுத்து வாங்கின ஒற்றுமையை நாமளே கெடுத்துட்டு, பாயிண்ட் குறைஞ்சா துப்பாக்கி சரியில்லங்கிறது.

ஸ்பிரிங் துப்பாக்கிக்காரங்களுக்கு இன்னும் மோசம். பிஸ்டன் பாய்ஞ்சு காத்தை அமுக்கும்போது அந்தக் காத்து பயங்கரமா சூடாகும். அங்க எண்ணெய் இருந்தா என்ன ஆகும்? டீசல் இஞ்சின்ல நடக்கிற அதே சமாச்சாரம். பட்டுனு ஒரு சத்தம், குழல் வாயில புகை. ஒரு குண்டு வேகமாப் போகும், அடுத்தது மெதுவாப் போகும். "பாத்தியா பவர் ஏறிட்டு"னு சந்தோஷப்படாதீங்க. ஸ்பிரிங்கும் சீலும் அடி வாங்குற சத்தம் அது.

தேங்காய் எண்ணெய் பார்ட்டிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. 24 டிகிரிக்குக் கீழ போனா உறையற சரக்கு அது. மார்கழிக் காலையில எண்ணெய் பாட்டிலை அடுப்பு ஓரம் வச்சு இளக்குற ஊர்ல இருந்துக்கிட்டு அதைக் குழலுக்குள்ள அனுப்பலாமா? நியாயமா?

சரி, குறி தப்புறது கூடப் போகட்டும். எனக்கு நிஜமாவே கோவம் வர்ற இடம் வேற.

கழுவுறது எந்தப் பாத்திரத்துலனு கவனிச்சீங்களா? வீட்டு வாளி. அடுப்படி வடிதட்டு. சட்டம்பிள்ளை மாதிரி கேக்கேன்னு நினைக்காதீங்க, ஒருத்தர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். "ஈயச்சொம்புலதான ரசம் வைக்கோம், ஈயம் உடம்புக்கு நல்லதுல்லா"னு பதில் வந்துச்சு. தூக்கிவாரிப் போட்டுருச்சு! ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். பெல்லட் காரீயம். பேருல பாதி ஒண்ணா இருக்கே தவிர ரெண்டும் வேற வேற உலோகம். காரீயம் விஷம். குழந்தைங்க மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லனு சொல்ற மாதிரி பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவரலன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பெட்ரோல்ல கலந்துக்கிட்டு இருந்ததை நம்ம நாட்டுல 2000-த்துல நிறுத்தினதும் இதுக்காகத்தான். அதைப் போய் அரிசி களையிற பாத்திரத்துல அலசி, அந்தத் தண்ணிய வாய்க்கால்ல ஊத்துறோம். அந்த வாய்க்கால் எங்க போகும்? கடைசியில சிற்றாறுதானே?

இதை விடக் கொடுமை, சீசன் கடைத்தெருவுல பலூன் சுடுற இடத்துல பாருங்க. கை ஒழியலனு ரெண்டு ரவையை உதட்டுல கவ்விக்கிட்டு நிப்பான் ஒரு பய. சுட்டு முடிச்ச கையோட மிளகாய் பஜ்ஜி. அவனை யாரும் அதட்டுறது இல்ல. ரவைக்கு எண்ணெய் போட்டியானு கேக்க மட்டும் பத்து பேர் இருக்கோம்!

அப்ப சாரல் ஈரத்துக்கு என்னதான் செய்ய? ரொம்ப சுலபம்.

குண்டு மங்கலா சாம்பல் நிறமானா பயப்பட வேண்டாம், அது மேல்தோல் மாதிரி. வெள்ளைப் பொடி பூத்தாத்தான் வம்பு. ஈரம், கரியமில வாயு, கூடவே மர அலமாரியில இருந்தும் அட்டைப்பெட்டியில இருந்தும் கசியிற அமில ஆவி, மூணும் சேர்ந்தா காரீயம் அப்படிப் பூக்கும். அந்தக் காலத்துல வெள்ளை பெயிண்டுக்காகக் காரீயத்தை வினிகர் ஆவியில வச்சு வேணும்னே தயாரிச்ச பொடியும் இதே வகைதான். அப்படிப் பூத்த குண்டைக் கழுவி மீட்கப் பார்க்காதீங்க. ஒரு டப்பாவுல மூடி ஒதுக்கிருங்க.

புது டப்பாவைக் காத்துப் புகாத எவர்சில்வர் டப்பாவுக்குள்ள வச்சு, கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. மர பீரோ வேண்டாம். சுடும்போது ஒண்ணொண்ணா எடுத்துப் பாவாடை நெளிஞ்சிருக்கானு பாருங்க. அடியில தங்குற தூளை ஊதாதீங்க, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியைக் கட்டி எறிங்க. முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு அப்புறம் பஜ்ஜி சாப்பிடுங்க. அவ்வளவுதான்.

இன்னும் நம்பிக்கை வரலையா? துப்பாக்கியை அசையாம முட்டுக் கொடுத்து வைங்க. கழுவினது, எண்ணெய் போட்டது, டப்பாவுல இருந்து நேரா எடுத்ததுனு மூணு வகை. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு கார்டு, கார்டுக்குப் பத்து குண்டு. எது எதுனு உங்களுக்குத் தெரியாம வேற ஒருத்தர் எடுத்துத் தரட்டும். எண்ணெய் போட்டது ஜெயிச்சா கார்டோட வாங்க, பேசலாம். கார்டு இல்லாம "எங்க மாமா சொன்னார்"னு மட்டும் வராதீங்க :-)

டிஸ்கி: கொக்கு, புறா சுட எந்த ரவை நல்லதுனு கேக்குறவங்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. நம்ம மேலகரத்துல பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரோட சிங்கன் கண்ணி வச்சுப் பறவை பிடிச்சான்னா, அது குறவஞ்சிக்குள்ள. நீங்க பிடிச்சா ஜெயிலுக்குள்ள.