ஓரரங்கில் ஒன்றுகூடுக!

தமிழை மூன்றாக வகுத்த முன்னையோர் அதனைத் துண்டாடும் நோக்கத்தோடு வகுத்தாரல்லர். இயலும் இசையும் கூத்தும் ஒன்றையொன்று தாங்கி ஓரரங்கில் நிற்க வேண்டும் என்பதே முத்தமிழ் என்னும் சொல்லின் உட்பொருளாகும். ஆயின் இன்றைய நிலை என்ன? பண் பாடுவார் குளிரூட்டிய மன்றத்துள். கூத்தாடுவார் கோயில் திடலில். பறை முழக்குவார் தெருமுனையில். ஒருவர் முகத்தை மற்றவர் அறியார். ஒருவர் கலையை மற்றவர் மதியார். இப்பிரிவு கலையால் வந்ததன்று. சாதியால் வந்தது; பிறமொழி வல்லாண்மையால் வளர்ந்தது; இன்று பணத்தால் நிலைபெற்று வருகின்றது.

திருப்பெரும்புதூர்ப் பகுதியை எடுத்துக் கொள்வோம். ‘திரு’வை அகற்றி, ஊர்ப்பெயரின் தலையில் வடவெழுத்தை ஏற்றிய பலகைகள் நெடுஞ்சாலை நெடுகிலும் நிற்கின்றன. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலைக்குக் கால்கோள் இடப்பட்டது முதல் ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர்கள் ஆலைகளாயின. ஒரகடம், வல்லம், வடகால், சுங்குவார்சத்திரம் என எங்கும் மகிழுந்தும் சரக்குந்தும் கைப்பேசியும் உருவாகின்றன. 2024 ஆகத்துத் திங்களில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. படுக்கைகளின் எண்ணிக்கையை நாடறியும். அப்பெண்களுள் எத்துணைப் பேர் நடவுப்பாட்டும் தாலாட்டும் கும்மியும் அறிந்தவர் என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

இவ்வினாவை எழுப்பக் கரணியம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் இப்பகுதித் தொழிற்சாலையொன்றின் குடும்ப விழாவிற்கு, மாணவர் சிலரைத் தமிழ் வாழ்த்துப் பாட அழைத்துச் சென்றிருந்தோம். வாயிலில் பறைக்குழுவினர் அறுவர் மாலை நான்கு மணி முதல் நின்று முழக்கினர். விருந்தினர் ஊர்தியினின்று இறங்குந்தோறும் முழக்கம் எழுந்தது. அவர் உள்ளே சென்றதும் அடங்கியது. ஏழு மணிக்கு உள்ளரங்கில் திரைப்பாட்டுக் குழு தொடங்கிற்று. அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்தில். “நீங்கள் எப்போது மேடையேறுவீர்கள், பெரியவரே?” என்று பறைக்குழுவின் மூத்தவரைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “எங்க வேலை வாசலோட சரிங்க ஐயா” என்றார். அச்சிரிப்பு இன்றும் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கின்றது. அழைப்பிதழில் பாடகர் பெயர்கள் இருந்தன. நாட்டியம் ஆடியவர் பெயர் இருந்தது. ஒலிபெருக்கி அமைத்த நிறுவனத்தின் பெயரும் இருந்தது. அவ்வறுவர் பெயர் மட்டும் இல்லை.

தமிழன் அரங்கு இத்தகையதாகவா இருந்தது? இளங்கோவடிகளின் அரங்கேற்று காதையைப் புரட்டுக. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை அடிகள் தனித்தனியே எடுத்தோதுகின்றார். அரங்கின் அளவையும் விடவில்லை. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து வைத்தார். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பின்பற்றி முழவும் நின்றன என்கின்றார். இதில் எத்துணை நுட்பம் அடங்கியுள்ளது! குழலின் சுதி துளையிட்ட பொழுதே நிலைத்து விடுவது. யாழின் நரம்பையோ முறுக்கவும் தளர்த்தவும் இயலும். ஆகலின் மாற முடியாததற்கு மாற முடிந்தது இணங்கிச் செல்கின்றது. பல கலைஞர் கூடிச் செய்யும் நிகழ்ச்சிக்கு இதனினும் சிறந்த விதி வேறில்லை.

அதுமட்டுமன்று. அரண்மனை அரங்கில் மாதவியை ஆடவைத்த அதே காப்பியத்துள் வேட்டுவரின் வரியையும் நெய்தல் நிலத்தின் கானல்வரியையும் ஆய்ச்சியரின் குரவையையும் குன்றவரின் குரவையையும் அடிகள் அமைத்தார். இவற்றுள் எதனையும் வாயிலோடு நிறுத்தினாரல்லர். வேத்தியல், பொதுவியல் எனக் கூத்தை இரண்டாக உரைகள் வகுத்துக் கூறினும், ஒரு நூலுள் இரண்டிற்கும் இருக்கை கிடைத்தது. பல்கலை அரங்கு மேலைநாட்டினர் நமக்குக் கற்றுக் கொடுத்ததன்று என்பதற்கு இச்சான்று போதும்.

இடைக்காலத்தில் அவ்வரங்கு நம் கைவிட்டுப் போயிற்று. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு இறுதியில் பாடும் துக்கடாவாயிற்று. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும், 1947-இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூலும் இழந்ததை மீட்க எழுந்த முயற்சிகளே. 1946-இல் திருவையாற்று விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியது பெரும் பூசலாயிற்று என்றால், அன்றைய அடிமைநிலையை அளந்து கொள்க. அவ்வியக்கம் மொழிக்கு மேடையில் இடம் பெற்றுத் தந்தது. ஆயின் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டின் மொழி மாறிற்றேயன்றி மேடையின் சாதி மாறவில்லை. தேவாரம் உள்ளே சென்றது. பறை வெளியே நின்றது.

அண்மைக் காலத்தில் இச்சுவரை இடிக்கும் முயற்சிகள் சில நடந்துள்ளன. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைஞரைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்து வந்தது. ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்தில் 2015 முதல் நடந்த விழாவில் மீனவர் குடியிருப்பிற்கே பலவகை இசையும் கூத்தும் வந்தன. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய இளைஞர் குழுவொன்று கானாப் பாட்டையும் பறையையும் மேலையிசையையும் சாதி எதிர்ப்புப் பொருளில் ஒன்றாக்கியது. அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தினின்று பிறந்தது. அத்தகைய அருங்கருத்தை ஆங்கிலப் பெயரில் ஏன் மறைத்தனர் என்பதே அவ்விளைஞர்பால் நமக்குள்ள குறை. அவர்தம் பணியின்பால் குறையில்லை.

திருப்பெரும்புதூருக்கு அணித்தேயுள்ள காஞ்சி வட்டாரத்திலும் வழிகாட்டி உண்டு. 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம், புஞ்சரசந்தாங்கலில் சிறுவர்க்கு மட்டுமன்றிச் சிறுமியர்க்கும் கூத்துக் கற்பித்தது. கருநாடக இசைக் கலைஞரோடு இணைந்து ஒரே மேடையில் கூத்தும் நிகழ்த்தியது. 2025-இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் நடுவணரசு தாமரைத்திரு விருது அளித்தது. விருது தில்லியில் கிடைக்கின்றது; இருக்கை ஊரில் கிடைக்கவில்லை!

பல கலைஞரை ஓரரங்கில் கூட்டுவது எளிய செயலன்று. ஒருவர்பின் ஒருவராக மேடையேற்றி இறக்குதல் கூட்டு நிகழ்ச்சியாகாது, அது வரிசை. கூட்டு என்பது ஒருவர்க்காக மற்றவர் தம் வழக்கத்தைச் சிறிது விட்டுக் கொடுப்பது. பறையின் தோல் பனியில் தளரும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினாலன்றி ஓசை எழாது. மன்றத்துள் தீ மூட்ட விடார். ஆதலின் திறந்தவெளியே தக்க இடம். நாயனமும் கூத்தின் முகவீணையும் தம் சுதியை எளிதில் மாற்ற இயலாதவை. எனவே கிதாரும் வயலினும் ஆர்மோனியமும் அவற்றிற்கு இணங்க வேண்டும். வீணையின் ஒலி தவிலின் முன் நில்லாது. ஒலிவாங்கியை யாருக்கு அணுக்கமாக வைப்பது என்பதைக் கலைஞரே கூடி முடிவு செய்க. அனைவரும் கலந்து இசைக்க முல்லைப்பண் பொருத்தமானது. ஐந்தே இசை கொண்ட அப்பண்ணின் வடிவம் நம் நாட்டுப்பாடல்களிலும் உண்டு. கிழக்காசிய மக்களின் பாடல்களிலும் உண்டு. மூன்று ஒத்திகையேனும் வேண்டும். ஒத்திகைக்கும் கூலி வேண்டும். அக்கூலி எல்லார்க்கும் ஒன்றாக வேண்டும்.

நம் அன்பருள் சிலர், “கிதாரும் வயலினும் தமிழ்க்கருவிகளா?” என வினவக்கூடும். வயலினைத் தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலர் 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் இசைக்கு இணக்கினார். ஆர்மோனியப் பெட்டியைக் கூத்தர் தமதாக்கிக் கொண்டனர். கருவிக்கு மொழியில்லை; பாட்டுக்கு மொழி உண்டு. வந்த கருவி நம் பண்ணிற்குப் பணி செய்யுமாயின் வரவேற்போம். நம் பாட்டையே வெளியேற்றுமாயின் தடுப்போம்.

இன்னொரு வினாவும் எழும். ஒடியரும் பீகாரியரும் அசாமியரும் இங்கு உழைக்கின்றனரே, அவர்க்கு இவ்வரங்கில் இடம் உண்டா? உண்டு. மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு. வயிற்றுக்காக வந்த ஏழை உழைப்பாளியை வெறுப்பது வேறு. அவன் தன் தாய்மொழியில் ஒரு பாட்டுப் பாடட்டும். தன் ஊர் முழவை முழக்கட்டும். அவனும் தன் மொழியை ஊரில் விட்டு வந்தவனே. அரங்கின் மொழி தமிழாக இருக்கட்டும். அறிவிப்பும் அழைப்பிதழும் வரவேற்பும் தூய தமிழில் அமையட்டும். வீட்டுக்குரியவன் தன் வீட்டில் நிமிர்ந்து நின்றால்தான் விருந்தினனை இனிது வரவேற்க இயலும்.

ஆகவே திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தமிழ்மன்றத்தாரையும் தொழிற்சங்கத்தாரையும் ஆசிரியரையும் வேண்டுகின்றோம். வரும் பொங்கலுக்கு ஒரு பள்ளித் திடலைத் தேர்ந்து அரங்கு அமைமின். முறைப்பணி முடிந்து வருவார்க்கும் இரவுப்பணிக்குச் செல்வார்க்கும் ஏற்றவாறு பிற்பகலில் தொடங்கி இரவுவரை நடத்துமின். விடுதிப் பெண்களின் கும்மி, கூத்தரின் ஆட்டம், ஓதுவாரின் தேவாரம், நாயனமும் தவிலும், இளைஞரின் கிதார் என எல்லாம் இடம்பெறட்டும். இறுதி ஒரு மணி நேரம் அனைவரும் கூடி இசைக்கட்டும். அதற்குக் ‘கச்சேரி’ என்று பெயரிடல் வேண்டா. அது வழக்குமன்றத்திற்கு வழங்கிய உருதுச் சொல். ‘இசையரங்கு’ எனினும் ‘கூட்டிசை’ எனினும் நம் மொழியில் சொல் உண்டு.

யாவற்றினும் இன்றியமையாதது ஒன்று. அந்நாளில் வாயிலில் பறை முழங்க வேண்டா. அரங்கின் நடுவில் முழங்கட்டும்! பறைக்குழுவினர் பெயர் அழைப்பிதழின் முதல் வரியில் நிற்கட்டும். “எங்க வேலை வாசலோட சரி” என்ற முதியவர் அன்று முன்னே வந்து முதல் அடி அடிக்கட்டும். தமிழ் உள்ளே, தமிழன் வெளியே என்னும் இழிநிலை அன்றே ஒழியத் தொடங்கும்.

முத்தமிழ் ஒன்றுகூடுக! தமிழர் ஒன்றுகூடுக!