மண்ணுள் உறங்கும் உலைகள்

"வீட்டிலே காந்தமானி ஒன்று செய்ய விழைகின்றோம், எந்த உணர்கருவியை வாங்கலாம்?" என மாணாக்கர் வினவுவதுண்டு. உணர்திறன் மிக்கதை வாங்குக என்பது எளிய விடை. ஆயினும் போதிய விடையன்று. அளக்கப்படும் பொருளும் அளக்கும் இடமும் யாவை என முதலில் ஆராய்தல் வேண்டும்.

சீகிரியாவையே நோக்குவோம். 5ஆம் நூற்றாண்டிலே காசியப்பன் அக்குன்றின்மீது மாளிகை எழுப்புவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, அயலிலுள்ள அலகொலவெவவில் இரும்பு உருக்கினர். அவ்வுலைகளைத் தொல்லியலாளர் அகழ்ந்து கண்டுள்ளனர். தீயில் வெந்த களிமண் ஆறும்பொழுது புவிக்காந்தத்தின் சுவட்டைத் தன்னுட் பதித்துக்கொள்ளும். ஆதலின், புதைந்த உலையின்மேற் காந்தப்புலம் சிறிது வேறுபடும்.

அவ்வேறுபாடு எத்துணை? இங்குப் புவியின் புலம் ஏறத்தாழ 40,000 நனோதெசுலா. உலையால் நேரும் மாற்றமோ பெரும்பாலும் சில பத்து முதற் சில நூறு வரையே. ஹோல் உணர்கருவி இதற்கு உதவாது. கைத்தொலைபேசியிலுள்ள சில்லு நூறளவிலேயே தடுமாறும். பிளக்ஸ்கேற் கருவி 1 நனோதெசுலாவையும் உணரும். ஆயின், சற்றே சாய்ந்தாலும் அளவு பிறழும். நீர்ப்புட்டியைச் சுற்றிக் கம்பிச்சுருள் அமைத்த புரோத்தன் காந்தமானிக்கு அவ்விடர் பெரிதில்லை. நீரிலுள்ள புரோத்தன்கள் இங்கு வினாடிக்கு 1,700 தடவையளவிற் சுழன்றாடும். அவ்வெண்ணே புலத்தின் அளவைக் காட்டும். 1958இல் மாட்டின் எயிற்கன் இங்கிலாந்தில் இத்தகைய கருவியாலேயே உரோமர்காலச் சூளைகளைக் கண்டறிந்தார்.

இன்னுமோர் இடையூறுண்டு. காந்த நடுக்கோடு நமக்கு அண்மையிற் செல்கின்றது. அதனால், வானின் மேலடுக்கில் ஓடும் மின்னோட்டம் நண்பகலிற் புலத்தை நூறு நனோதெசுலா அளவில் மாற்றிவிடும். உலையின் குறி அதனுள் மறையுமன்றோ? ஆகவே, ஒரு கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, மற்றொன்றைக் கொண்டு நடந்து, இரண்டின் வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். விலையுயர்ந்த ஒன்றைவிட, ஒத்த இரண்டே சிறந்தன. திறவுகோலும் இரும்புக் கொளுவியும் உடலில் இருத்தலாகாது.

பழகுவதற்குப் பாடசாலை வளவிற் சில செங்கற்களைப் புதைத்துத் தேடுக. தொல்லிடங்களில் உரிய திணைக்களத்தின் அனுமதியின்றிப் புகாதீர். புதையலாசை கொண்டோர் மண்வெட்டியால் அழித்த உலையை எவராலும் மீட்க இயலாது. தோண்டாமலே அறிவதன்றோ காந்தமானியின் பெருமை! கருவியைத் தேரும் அறிவோடு, கண்டதைக் காக்கும் பண்பும் நம் இளைஞர்க்கு வாய்ப்பதாக.