மலைக்குப் போகாதே என்பதா, பார்த்துப் போ என்பதா?



கோடை விடுமுறை வந்தால் பாட்டி வீடு, குற்றாலம் என்று இருந்த காலம் போய், "மலை ஏறப் போறோம்மா" என்று பெண் பிள்ளைகள் கேட்கிற காலம் வந்துவிட்டது. உடனே நம் வீடுகளில் வருகிற பதில், "குரங்கணியை மறந்துட்டியா?" என்பதுதான். குரங்கணியை யாரும் மறக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லியே பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார வைப்பது நியாயமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி பக்கம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். 23 உயிர் போனது. அதில் பெண்கள் பலர். படித்து, வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் நாலு இடம் பார்க்கக் கிளம்பிய பிள்ளைகள். அப்போது டி.வி. பார்த்து அழாத தாய் இல்லை. அழுது முடித்ததும் ஊரே ஒன்று சொன்னது: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மலை?"

தீக்கு ஆண், பெண் தெரியுமா? மார்ச் மாதம் மலையில் புல்லெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும். சரிவில் பிடித்த தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். மேலே ஓடுகிற மனுஷனை அது எளிதாக எட்டிப் பிடித்துவிடும். அதோடு, அனுமதி வாங்கியது ஒரு பாதைக்கு, போனது வேறு பாதையில் என்றும் அப்போது செய்தி வந்தது. தப்பு போன மாதத்திலும், போன பாதையிலும், கூட்டிப்போன விதத்திலும் இருந்தது. போனவர்கள் பெண்களாக இருந்ததில் இல்லை.

நம் ஊர்ப் பெண்கள் மலை ஏறாதவர்களா என்ன? அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறுகிற பெண்கள் எத்தனை பேர்! ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்து வருவது நம் பக்கத்து வழக்கம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறோம். சாமிக்காக நடந்தால் "புண்ணியம்" என்கிறவர்கள், அதே காட்டைக் கண்ணால் பார்க்க நடந்தால் "திமிர்" என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பொதிகை மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளப் பக்கமாக ஏறிப் போகிற அகஸ்தியர்கூடம் சிகரம் 1,868 மீட்டர் உயரம். அதன் உச்சிக்குப் பெண்களை விடாமல் பல காலம் தடுத்து வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண்களும் போகலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் அதிகாரி ஏறிக் காட்டினார். 2023 மே மாதம் நம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட்டே ஏறிவிட்டார். அவரும் பிள்ளை பெற்ற தாய்தான். காலில் பலம் இருக்கிறதா, முறையாகப் பழகி இருக்கிறோமா என்பதைத்தான் மலை பார்க்கும்.

தூத்துக்குடி நகரத்தில் நாங்கள் கடலும் உப்பளமும் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பொதிகையில் பிறந்த தாமிரபரணித் தண்ணீர்தான். வல்லநாட்டில் எடுத்து இங்கே அனுப்புகிறார்கள். எனக்கு 37 வயது. பாபநாசத்துக்கு மேலே ஒரு அடி வைத்ததில்லை. கோடையில் குழாயடியில் குடத்தோடு நிற்கிற நமக்கு, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசை இருக்கக் கூடாதா? மேலே காடு நன்றாக இருந்தால்தானே கீழே நம் குடம் நிறையும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறும் குளமும் உடைத்துக்கொண்டு வந்து ஊரெல்லாம் வெள்ளமானதே. அன்றைக்கே எனக்குத் தோன்றியது, நம் பிள்ளைகள் மலையையும் ஆற்றையும் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது.

எங்கள் ஊரில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். முத்துக் குளிக்கிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்குவானாம். தன் உடன்பிறந்தவளின் தாலிக்காகவாவது மச்சான் அந்தக் கயிற்றைக் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பு நின்றுபோனது. ஆனால் அந்தப் பேச்சு நிற்கவில்லை. கடல் ஆபத்து என்று யாரும் குளிக்காமல் இருக்கவில்லை. கயிறு பிடிக்கிறவன் யார் என்று மட்டும் பார்த்தார்கள். மலைக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

என் மூத்த மகள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். தோழிகளோடு மலை நடைப்பயணம் போகக் கேட்டாள். என் மாமியார் கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டு மதினியும், "கட்டிக் குடுக்கப் போற பிள்ளைய ஏன் காட்டுக்கு அனுப்புதிய?" என்றார்கள். என் வீட்டுக்காரர், "நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார். நான் போகட்டும் என்றேன். ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிய பிறகுதான். வனத்துறை அனுமதி எந்தப் பாதைக்கு? அந்தக் காடு தெரிந்த வழிகாட்டி கூட வருகிறாரா? பெண் பொறுப்பாளர் உண்டா? இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவார்களா? போன் எடுக்காத இடத்தில் ஏதாவது ஆனால் யார் தகவல் சொல்வார்கள்? இதைக் கேட்பது சந்தேகப் புத்தி இல்லை. கயிறு பிடிப்பது.

உடையையும் கவனியுங்கள் சகோதரிகளே. நைலான், பாலியஸ்டர் துணி தீ பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கிற நமக்கு இது தெரிந்ததுதான். பருத்தி உடையும், நல்ல பிடிப்புள்ள ஷூவும் போதும்.

அடுத்தது போட்டோ சமாச்சாரம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு பிலிம் ரோலில் 36 படம்தான். ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்பார்கள். இன்று செல்போனில் கணக்கே இல்லை. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியில், நண்பர் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாலிபர் வழுக்கி விழுந்து அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் செல்போனிலேயே பார்த்தோம். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் உயிர் போனது. மலையில் எங்கோ மேலே பெய்த மழை, கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. செல்போனில் தலை கவிழ்ந்திருந்தால் தண்ணீரின் சத்தமும் நிறமும் மாறுவது தெரியவே தெரியாது.

அதற்காகப் படமே எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. தன் முகத்தைப் பத்து தடவை எடுப்பதற்குப் பதில் ஒரு பறவையை, ஒரு பூவை எடுத்து வந்து அதன் பெயரைக் கண்டுபிடிக்கட்டும். ஓரத்தில் நின்று எடுக்க வேண்டாம். இன்னொன்றும் முக்கியம். இருக்கிற இடத்தை அப்போதைக்கப்போது ஸ்டேட்டஸில் போடாமல், வீடு வந்து சேர்ந்த பிறகு போடட்டும். பெண் பிள்ளைகளின் படத்தை எடுத்துக் கன்னாபின்னாவென்று மாற்றுகிறவர்கள் இருக்கிற காலம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் 40 பாதைகளைத் திறந்து, மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகப் பழக்கி அனுப்பும் திட்டம் தொடங்கியது. 2025-ல் காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை நிறுத்தியும் வைத்தார்கள். இது நல்ல காரியம். ஆனால் கட்டணம்தான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. மாதத்தில் ஒரு நாளாவது அரசுப் பள்ளி மாணவிகளுக்கும், மகளிர் குழுக்களுக்கும் குறைந்த கட்டணத்தில் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, தூரத்து மலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நம் மாவட்டத்திலேயே கழுகுமலை இருக்கிறது. பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும், வெட்டுவான் கோவிலும் கண்கொள்ளாக் காட்சி. வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே ஏறி இறங்கிவிடலாம். வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. பிள்ளைகளோடு நாமும் போகலாமே. போகும்போது கொண்டுபோகிற பிளாஸ்டிக் பையை மறக்காமல் திரும்பக் கொண்டு வரவேண்டும். மலையில் போட்டது ஆற்றில் இறங்கி, புன்னைக்காயலில் நம் கடலுக்குத்தான் வந்து சேரும்.

ஆபத்து என்று பார்த்தால் பஸ்ஸிலும் இருக்கிறது, அடுப்படியிலும் இருக்கிறது. பயத்தைச் சொல்லி வளர்த்த பிள்ளை, நாளைக்கு உண்மையான ஆபத்து வரும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும். விவரத்தைச் சொல்லி வளர்த்தால் அது தன்னையும் காப்பாற்றும், கூட வருகிறவர்களையும் காப்பாற்றும்.

மலைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களும், அனுப்ப மறுத்த தாய்மார்களும் தங்கள் கருத்தை எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு இல்லத்தரசி, தூத்துக்குடி.