கப்பலில் வரும் பெரியம்மாவுக்கு எந்தச் சுற்றுலா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி எழுதியது. அவருடைய அம்மாவின் அக்கா 1974ஆம் ஆண்டு கணவரோடும் கைக்குழந்தையோடும் இந்தியாவுக்குப் போனவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார், வயது எழுபத்தாறு. அவருடைய பேரன் கோயம்புத்தூரில் நல்ல உத்தியோகம் பார்க்கிறான். பாட்டியை உல்லாசக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கூட்டிவரப் போகிறானாம்.

"கப்பலை விட்டு இறங்கியதும் மலைநாட்டைக் காட்ட மூன்று விதமான சுற்றுலா இருக்கிறதாம் அக்கா. கப்பல்காரர் நடத்துவது ஒன்று, கொழும்புக் கம்பனி ஒன்று, இராமாயண யாத்திரை ஒன்று. எதை எடுக்க வேண்டும் அத்தை என்று அண்ணன் மகன் என்னிடம் கேட்கிறான். நான் கொழும்புக்கே நாலு தடவைதான் போயிருக்கிறேன். எனக்கென்ன தெரியும்? அம்மா மட்டும், அக்கா நம்ம வாசலுக்கு வருவாளா என்று தினமும் கேட்கிறார்."

படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். கணக்கு அவ்வளவு சுலபமாக எழுதப்பட்டது. அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று ஆன குடும்பங்கள் நம் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. மலைநாட்டு ஸ்டேஷன்களில் கோச்சி புறப்படும்போது எழுந்த ஒப்பாரியை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கோச்சி தலைமன்னாருக்குப் போகும். அங்கிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கு. அன்று கப்பலேறிப் போனவர் இன்று கப்பலில் வருகிறார், அதுவும் சுற்றுலாப் பயணியாக.

சகோதரி, அண்ணன் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தச் சுற்றுலா என்று அல்ல. கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வருகிறது, அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான். கப்பலென்றால் கொழும்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டபோது அது தொட்டது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களை. அம்பாந்தோட்டையிலிருந்து வெல்லவாய, எல்ல வழியாக நுவரெலியாவுக்கு ஏற ஐந்து மணி நேரமாவது வேண்டும். திருகோணமலையிலிருந்து ஆறு, ஏழு மணி. காங்கேசன்துறை என்றால் ஒரு பகல் போய்விடும்.

கொழும்பென்றே வைத்துக்கொள்வோம். கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. கேட்டால் பதினொரு மணி நேரம், தாராளம் என்று தோன்றும். கடவுச்சீட்டு, பரிசோதனை எல்லாம் முடிந்து வெளியே வர எட்டு மணி. மாலையில் கப்பல் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது ஏறியிருக்க வேண்டும். மிச்சம் ஒன்பது மணி நேரம். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்கு நாலு மணி, திரும்பவும் நாலு. தலவாக்கலை அதற்கும் அப்பால். பெரியம்மா உங்கள் லயத்து வாசலில் கால் வைப்பதற்குள் திரும்பி ஓட வேண்டியிருக்கும். கினிகத்தேனையில் ஒரு லொறி குறுக்கே நின்றால் அதுவும் இல்லை.

கப்பல் புறப்படும் நேரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கப்பல்காரரே நடத்தும் சுற்றுலாவில் போன பஸ் தாமதித்தால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அனுப்ப அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். வெளிக் கம்பனியோடு போய்த் தாமதித்தால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் கப்பல்காரரின் ஒருநாள் சுற்றுலா விலை கூடவாக இருந்தும் ஆட்கள் எடுக்கிறார்கள். ஆனால் "தேயிலை நாடு" என்ற பெயரில் விற்கும் ஒருநாள் சுற்றுலா பெரும்பாலும் கண்டிப் பக்கத்தோடு திரும்பிவிடும். அதில் தேயிலை இருக்கும், உங்கள் அம்மா இருக்க மாட்டார்.

ஆகவே கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்பதாக இருந்தால் என் யோசனை வேறு. பெரியம்மாவை மலைக்கு ஏற்ற வேண்டாம், அம்மாவைக் கீழே கூட்டிப் போங்கள். ஹட்டனிலிருந்து இரவு பஸ் இருக்கிறது. உறவினர் வீடு கொழும்பில் இருந்தால் முதல் நாளே போய்விடலாம். காலிமுகத்திடல் துறைமுகத்துக்குக் கிட்டத்தான். இரண்டு பேரும் கடற்காற்றில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பஸ்ஸுக்குள் எட்டு மணி நேரம் குலுங்குவதைவிட எவ்வளவோ மேல். வாசலைக் காட்ட முடியாதே என்பது ஒரு குறைதான். வீட்டுப் படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் போங்கள்.

கப்பல் பயணம் கொழும்பில் முடிவதாக இருந்தால், அல்லது அங்கே இறங்கிப் பின்பு விமானத்தில் திரும்புவதாக இருந்தால் கதை மாறும். அப்போதுதான் தரைவழிச் சுற்றுலாவைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கே அர்த்தம் உண்டு. பயணத்தின் நடுவில் இறங்குவதற்குக் கப்பல் கம்பனியின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இலங்கைக்கான இணையப் பயண அனுமதியையும் வீட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும். இதைப் பேரன் பார்த்துக்கொள்வான்.

அதன் பிறகு சுற்றுலாப் பட்டியல் கைக்கு வரும். அதை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். எத்தனை இடங்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை இரவு நுவரெலியாவில் என்று எண்ணுங்கள். நாலு நாள் சுற்றுலாவில் நுவரெலியாவுக்கு ஒரே இரவு கொடுத்திருப்பார்கள். பின்னேரம் இருட்டியபின் வந்து சேர்ந்து, விடியற்காலையில் கிறகரி வாவியை ஒரு சுற்றுப் பார்த்துப் பஸ் ஏறுவார்கள். இரண்டு இரவு தரும் சுற்றுலாவில் நடுவில் ஒரு முழுப் பகல் கிடைக்கும். அந்தப் பகலுக்காகத்தானே பெரியம்மா கடல் தாண்டி வருகிறார்.

அடுத்தது பாதை. இது நம்மவர்களே கவனிக்காமல் விடும் விஷயம். நுவரெலியாவுக்குச் சுற்றுலா பஸ்கள் அதிகமாக ஏறுவது கண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக. அந்த வீதியில் போனால் தலவாக்கலை கண்ணிலும் படாது. இறங்கும்போதாவது நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கித்துல்கல வழியாகக் கொழும்புக்கு இறங்கும் சுற்றுலாவாகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்துக்கென்று தனி வேனும் சாரதியும் எடுத்தால் பாதையை நாம் சொல்லலாம். நாற்பது பேர் போகும் பஸ்ஸில் சொல்ல முடியாது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு தேயிலைக் கடை வாசலில் ஒரு காட்சியைப் பார்த்தேன். சுற்றுலா பஸ்ஸிலிருந்து பட்டுச் சேலை உடுத்த ஒரு வயதான அம்மா இறங்கினார். மற்றவர்கள் தேநீர் குடிக்கவும் அருவியைப் படமெடுக்கவும் போக, அவர் மட்டும் வழிகாட்டியிடம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அது எந்தப் பக்கம் என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே கழிவறை இருக்கும் பக்கத்தைக் காட்டினார். கடையில் தேநீர் பரிமாறும் பிள்ளை ஓடிவந்து எதிர்மலையைக் காட்டியது. "அங்கதான் பொறந்தேன்" என்றார் அந்த அம்மா. பஸ் ஹோர்ன் அடித்தது. பதினைந்து நிமிடம்தான் நிறுத்தம். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தபடியே படி வரை போனார்.

அதனால் வழிகாட்டி தமிழ் பேசுபவரா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அது உள்ளவரா என்றும் கேட்கலாம். தமிழ் தெரிந்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள், கேட்பவர்களுக்குத்தான் ஏற்பாடு செய்து தருவார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மலையைக் காட்டி அழகு என்று சொல்வதோடு நில்லாமல், அந்த மலையில் யார் கான் வெட்டினார்கள், யார் கொழுந்து நிறுத்தார்கள் என்று சொல்ல அவர்களால் முடியும்.

இராமாயண யாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இறம்பொடை ஆஞ்சநேயர் கோவில், சீதாஎலிய அம்மன் கோவில், முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம் என்று போவார்கள். சைவச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும் என்பது பெரியம்மாவின் வயதுக்கு நல்லது. ஆனால் கோவிலுக்குக் கோவில் ஓட்டம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கும் அங்கிருந்து மலைக்கும் உட்கார்ந்தே போக முழங்கால் தாங்குமா என்று பாருங்கள். எனக்கென்றால் இதை இந்த முறை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது.

கண்டி வழியாக ஏறுகிறார்கள் என்றால் ஓரிடத்தை மட்டும் சேர்க்கச் சொல்வேன். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். பழைய லயக் காம்பராக்களும் அந்தக் காலத்துப் பாவனைப் பொருட்களும் அங்கே உண்டு. சுற்றுலாப் பட்டியல்களில் இதைக் காண்பது அரிது. பேரன் பார்க்க வேண்டிய இடம். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

கோச்சியில் ஏற வேண்டும் என்று பெரியம்மா ஆசைப்படலாம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் மலைநாட்டு வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் மண்சரிவால் உடைந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். சுற்றுலாத் தாளில் "புகையிரதப் பயணம்" என்று அச்சடித்திருந்தாலும், அந்தத் திகதியில் எதுவரை ஓடுகிறது என்று புகையிரத நிலையத்திலேயே கேளுங்கள். ஓடாவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வரும் மாதத்தையும் யோசியுங்கள். நம் பக்கம் மே தொடங்கிப் பெருமழை. ஏப்ரலில் நுவரெலியா வசந்த கால நெரிசலில் அறை வாடகை எங்கேயோ போய்விடும். ஜனவரி கடைசியும் பெப்ரவரியும் நல்லது, குளிர் இருக்கும் என்றாலும்.

கப்பல் வேண்டாம், வந்தால் போதும் என்று பேரன் மனம் மாறினால் அதற்கும் வழியுண்டு. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி இடையில் நின்ற பயணிகள் கப்பல் சேவை, 2024 ஓகஸ்ட் 16இல் மீண்டும் ஆரம்பமானது. கடலில் சுமார் நாலு மணி நேரம். மாரிக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அதில் வந்தால் திரும்பிப்போக அவசரப்படுத்தும் ஹோர்ன் இல்லை.

இனி உங்கள் பக்கத்து வேலை. பஸ்ஸோ பெரிய வேனோ உங்கள் டிவிஷன் வரை ஏறாது. சந்தியிலிருந்து ஓட்டோ பேசி வையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு விருந்தாளி வருகிறார் என்று தோட்ட அலுவலகத்தில் முன்பே சொல்லிவிடுங்கள், அன்று போய் வாக்குவாதப்பட வேண்டாம். அந்த நாளுக்கு லீவும் சொல்லிவையுங்கள். வீட்டுக்குச் சாயம் அடிக்க, புதுக் கதிரை வாங்க என்று கடன்பட வேண்டாம். எத்தனை வீட்டில் அதைப் பார்த்துவிட்டேன்! பெரியம்மா அதே லயத்தில் பிறந்தவர். ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் போதும்.

கப்பல் வரும் திகதியும் துறைமுகத்தின் பெயரும் தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காலிமுகத்திடலா, தலவாக்கலைச் சந்தியா என்று பார்த்து மிச்சத்தைச் சொல்கிறேன். அதுவரை அம்மாவிடம், அக்கா வருகிறாள் என்று மட்டும் சொல்லிவையுங்கள். வாசலைப் பற்றிய வாக்கை இப்போதே கொடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா