லக் ஜாயேகா

போன வாரம் அக்கா பையன் மதுரையிலிருந்து போன் பண்ணினான். "மாமா, லேப்டாப் ரொம்ப ஸ்லோ. 8 ஜிபி ராம் இன்னொண்ணு போட்டா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. நாளைக்கு வாங்கிடவா?"

"டேய், பொறு பொறு" என்று கத்தாத குறை. சூடு கண்ட பூனை நான்.

2019-ல் என்னிடம் 4 ஜிபி ராம் போட்ட ஒரு பழைய லேப்டாப் இருந்தது. 2014-ல் வாங்கியது. பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ஒரு சனிக்கிழமை மெட்ரோ பிடித்து நேரு பிளேஸ் போனேன். (டில்லியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் சாமானுக்கு வேறெங்கே போவது?) கடைக்காரர் மாடல் பெயரை மட்டும் கேட்டார். "டிடிஆர்-3 தானே, லக் ஜாயேகா" என்றார். அதாவது, பொருந்திடும். 2,800 ரூபாய்.

பொருந்தத்தான் செய்தது, அதில் பொய் இல்லை! அதே 204 பின், அதே இடத்தில் வெட்டு, க்ளிக் என்று உட்கார்ந்தது. ஆன் செய்தால் திரை மட்டும் வரவே இல்லை.

ராத்திரி பழைய ராமைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழையதன் ஸ்டிக்கரில் பிசி3எல், புதியதில் வெறும் பிசி3. ஒரே ஒரு 'எல்'தான் வித்தியாசம். எல் போட்டது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். எல் இல்லாததற்கு 1.5 வேண்டும். 2013-ல் வந்த நாலாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35 தான் கொடுக்கும். எல் போட்டதை 1.5 வோல்ட் மெஷினில் போட்டால் ஓடிவிடும், தலைகீழாகப் போட்டால் ஓடாது. திருப்பிக் கொடுக்கப் போனால், "கவர் பிரிச்சாச்சு சார், ராம்ல கோளாறு இருந்தா மாத்தித் தரேன்" என்றார். கோளாறு ராமில் இல்லையே!

அன்றைக்குக் கடைக்காரர் மேல் கோபம். இப்போது யோசித்தால் லேப்டாப் செய்பவர்கள் மேல்தான் அதிகக் கோபம் வருகிறது. சார்ஜர் எத்தனை வோல்ட் என்று அடியில் அச்சடிக்கிறார்கள். எந்த ராம், எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு ஏறும் என்று இன்னொரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டச் சட்டம் இருக்கிறது. பிரான்ஸில் 2021-லிருந்து லேப்டாப் விற்கும்போது அதை ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நமக்கு 'லக் ஜாயேகா' போதும் போல.

இப்போது நிலைமை இன்னும் மோசம். நிறைய மெல்லிய லேப்டாப்களில் ராமை போர்டிலேயே சால்டர் பண்ணிவிடுகிறார்கள். கரண்ட் மிச்சம், இடம் மிச்சம், சரிதான். ஆனால் "இப்ப 8 ஜிபி எடுத்துக்குவோம், போனஸ் வந்ததும் ஏத்திக்குவோம்" என்று நினைப்பவனிடம் இதைக் கவுண்டரில் யார் சொல்கிறார்கள்? 2025 கடைசியில் மெமரி விலை எகிறியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தப்பு 2,800-ஓடு நிற்காது.

ஒரே பிராண்ட்தான் போடணும், ஒரே ஸ்பீட்தான் இருக்கணும் என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் தேவையில்லை, 2666-ம் 3200-ம் சேர்ந்தால் இரண்டும் 2666-ல் ஓடும், அவ்வளவுதான். தலைமுறைதான் முக்கியம். டிடிஆர்-4 ஸ்லாட்டில் டிடிஆர்-5 நுழையாது. அடுத்தது உச்சவரம்பு. என் பழைய லேப்டாப்பில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் ஏறாது. இதெல்லாம் கம்பெனி தளத்தில் கிடைக்கும் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கடைக்காரர் வாயில் இருக்காது.

பையனிடம் டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைச் சொடுக்கி, 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். சோடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டும் ராம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் சால்டர் பண்ணியது. ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்பாதே, சால்டர் பண்ணியதையும் அது ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும் என்றும் சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் போட்டோ வந்தது. ரோ ஆஃப் சிப்ஸ். மாடலைப் போட்டு மேனுவலையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். காலி ஸ்லாட் ஒன்றுகூட இல்லை.

"அப்ப கடைக்காரர் எந்த இடத்துல மாமா போட்டுத் தர்றேன்னாரு?" என்கிறான்.