சுயவிபரக் கோவையில் சுயம் எங்கே?

சில வாரங்களுக்கு முன்னர் எனது ஒன்றுவிட்ட சகோதரியின் மகள் வவுனியாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இரண்டு பக்கங்களில் அவளுடைய முதலாவது சுயவிபரக் கோவை. "மாமா, பிழை இருந்தால் திருத்தித் தாங்கோ" என்றாள். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களின் எழுத்தைத் திருத்தியே சம்பளம் வாங்கியவன் நான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். ஐந்து நிமிடத்தில் அதனை மூடி வைத்துவிட்டேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்தப் பிள்ளையும் அதில் இல்லை.

பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள தொடர்பாடல் நிலையமொன்றில் முந்நூறு ரூபா கொடுத்துச் செய்வித்தது அது. கடைக்காரரின் கணினியில் எவருடையதோ ஒரு கோவை ஏற்கெனவே கிடக்கிறது. பெயரையும் முகவரியையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்துவிடுவார். உச்சியில் தனது தொழில் இலட்சியம் இன்னதென்று ஆங்கிலத்தில் நான்கு வரி. அதன் பொருள் என்னவென்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் முத்திரை சேகரித்தல் என்று இருந்தது. "நீ எப்போது பிள்ளை முத்திரை சேர்த்தாய்?" என்று கேட்டேன். "அது கடையில இருந்தது மாமா" என்றாள்.

கடைக்காரரை நான் குறை கூறமாட்டேன். கேட்கப்படுவதைத்தான் அவர் விற்கிறார். என்னுடைய வழக்கு, கேட்பவர்களோடு.

முதற்பக்கத்தின் மேற்பகுதியை வரிசைப்படி தருகிறேன்: முழுப்பெயர், முதலெழுத்துகளுடன் பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வயது, பால், சிவில் நிலை, தேசியம், இனம், மதம். பதினொரு வரிகள். இவற்றில் ஒன்றாவது இவளுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கின்றதா? எங்கே பிறந்தாள், எந்தக் கூட்டத்தில் பிறந்தாள், திருமணம் ஆகிவிட்டதா என்பதையே அவை கேட்கின்றன. கலியாணத் தரகருக்குக் கொடுக்கும் குறிப்பில் சாதகக் கட்டம் மட்டுமே இதனைவிட மேலதிகமாக இருக்கும்.

அடையாள அட்டை இலக்கம் ஒன்றே போதும், இவற்றில் பாதியைச் சொல்லிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எங்களுடைய பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கங்கள். வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் வாக்களிப்பதற்கும் தேவைப்படும் அந்த இலக்கத்தை, முன்பின் அறியாத நாற்பது அலுவலகங்களுக்கு எங்கள் பிள்ளைகள் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

இந்த வரிகளின் வலிமையை நான் அனுபவித்து அறிந்தவன். பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த ஆண்டுகளில் உயர்தரம் முடித்து, காத்திருந்து உள்ளே போய், 1995இல் கலைப்பட்டத்தோடு வெளியே வந்தேன். போர் மீண்டும் தொடங்கிய ஆண்டு அது. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் நேர்முகப் பரீட்சை. எதிரே இருந்தவர் எனது கோவையில் பிறந்த இடம் என்ற வரிவரை வந்தார். "குடும்பம் இன்னும் யாழ்ப்பாணத்திலா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் மரியாதைக்காகக் கேட்கப்பட்டவை. கடிதம் வரவில்லை. அந்த வரியினால்தான் வேலை கிடைக்கவில்லை என்று நிரூபிக்க என்னிடம் அன்றும் எதுவும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அந்த வரியின் சாமர்த்தியமே அதுதான். ஒருவனை நிராகரிக்கலாம், தடயம் இராது.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த நாட்டில் பிறந்த இடமும் இனமும் வெறும் தகவல்கள் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டுதல் ஆகாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கை ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே தொடுக்கலாம். தனியார் முதலாளியின் மேசைக்கு அது எட்டாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்தையும் மதத்தையும் விசேட பாதுகாப்புக்குரிய தரவுகளாக வகைப்படுத்தியிருக்கிறது. அதன் பிரதான ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரவேண்டிய நாள் 2025இலும் பிற்போடப்பட்டது.

"பெயரைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடுமே, வரியை நீக்கி என்ன பயன்?" என்று கேட்பார்கள். பெயர் ஒருவரை அழைப்பதற்கு இருக்கிறது. இனம் என்ற வரி ஒருவரைப் பிரித்து வைப்பதற்கு மட்டுமே இருக்கிறது. "எல்லா இனத்தவரும் சேர்க்கப்படுகிறார்களா என்று பார்க்கக் கணக்கு வேண்டாமா?" என்பது நியாயமான கேள்வி. வேண்டும். ஆட்களைச் சேர்த்த பின்னர் தனித்தாளில் கேட்டு எண்ணுங்கள். தெரிவு செய்பவரின் கண்முன் அதனை வைக்கவேண்டிய அவசியம் என்ன?

இனி அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். அனுபவம் என்ற தலைப்பின் கீழ் 'இல்லை' என்று இருந்தது. தகப்பன் இறந்த பின்னர் தாய் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பதினான்கு கடைகளின் கடன் கொப்பியை மூன்று ஆண்டுகளாக எழுதுபவள் இவள். மாவின் விலை ஏறிய 2022இல் எந்தக் கடைக்குக் கடன் கொடுப்பது, எந்தக் கடைக்கு நிறுத்துவது என்று தீர்மானித்தவளும் இவளே. அதற்கு முன்னர் கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அயலிலுள்ள ஏழு பிள்ளைகளுக்கு முற்றத்தில் கணிதம் சொல்லிக் கொடுத்தாள். இவையெல்லாம் அனுபவம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் படிப்பித்த பாடசாலை தேசியத் தலைவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவித்தது. தன்னைப் பற்றி ஒரு பக்கம் உண்மையாக எழுத ஒரு நாளும் பழக்கவில்லை.

குற்றவாளிக் கூண்டில் நானும் ஏறவேண்டும். நான் பணியாற்றிய பத்திரிகைகளின் ஞாயிறுப் பதிப்புகளில் 'பெண்கள் மட்டும், 25 வயதுக்குட்பட்டோர், திருமணமாகாதோர்' என்று விளம்பரங்கள் வாராவாரம் வந்தன. எதிர்ப்பக்கத்தில் சமவுரிமை பற்றி நான் ஆசிரியர் தலையங்கம் எழுதினேன். அந்த விளம்பரப் பணத்திலும் எனக்குச் சம்பளம் வந்தது. ஒரு நாளாவது விளம்பரப் பிரிவுக்குப் போய் இது சரியா என்று நான் கேட்டதில்லை.

அன்று மாலை இருவருமாக அதனைப் புதிதாக எழுதினோம். ஒரே பக்கம். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், ஊர். அதன்கீழ் செய்த வேலைகள், எண்ணிக்கையோடு. பிறகு கல்வி, சுருக்கமாக. மொழிகள், உள்ளது உள்ளபடி: தமிழ் எழுதுவேன், சிங்களம் பேசுவேன், ஆங்கிலம் வாசித்து விளங்கிக்கொள்வேன். முன்கூட்டியே சம்மதம் கேட்ட, உறவினரல்லாத இருவரின் பெயர்கள். அடையாள அட்டை இலக்கம் வேலை உறுதியான பின்னர். இனம், மதம், சிவில் நிலை இல்லை. முத்திரையும் இல்லை.

வாசித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு, "மாமா, அந்த வரியள் இல்லையெண்டு தூக்கி எறிஞ்சால்?" என்று கேட்டாள்.

எறியமாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை தேவைப்படும் பிள்ளையை என்னுடைய கொள்கைக்குப் பலியாக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். எந்த அலுவலகத்துக்கு எதனை அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆட்களைச் சேர்க்கும் இடங்களில் இருக்கும் நண்பர்கள் இதனை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் சிலர் என்னோடு ஒரே விடுதியில் பசித்திருந்தவர்கள். உங்கள் அடுத்த விளம்பரத்தில் இன்ன விபரங்கள் தேவையில்லை என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியை நீங்கள் எழுதினால், அவள் இரண்டு கோவைகளைக் காவித் திரியவேண்டியதில்லை.