செத்த கலமும் லயத்துக் கூரையும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்ட நாட்டில், பழைய மடிக்கணினியின் லித்தியம் கலங்களைக் கோத்து விளக்கெரிப்பவரை நான் குறைகூறேன். மின்னழுத்தம் அடியோடு இறங்கிய கலத்தையும் 'உயிர்ப்பிக்கலாம்' என்று தோட்டத்து இளைஞருக்குப் போதிக்கும் வித்தகர்களையே கண்டிக்கிறேன்.

3.7 வோல்ற்றுக் கலமொன்று 2 வோல்ற்றுக்கும் கீழே நெடுநாள் கிடந்தால், அதன் எதிர்மின்முனையிலுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றுகையில் அச்செப்பு வேண்டாத இடத்தில் படிந்து, இரு முனைகளையும் உள்ளுக்குள்ளேயே இணைத்துவிடக்கூடும். இன்று விளக்கு எரியும்; என்றோ ஒருநாள் கலமே எரியும்.

தனி வீட்டில் அது ஒரு குடும்பத்தின் இழப்பு. அட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழும் லயத்திலோ, ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறையிடம் அனுமதி கேட்பதில்லை. பிள்ளைகளின் புத்தகமும் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தே சாம்பலாகும்.

இதைச் சிக்கனம் என்கிறார்கள். ஒரு கலத்தின் விலையை மிச்சம்பிடிக்க ஒரு லயத்தையே பணயம் வைப்பது சிக்கனமன்று. அளந்து பாருங்கள், 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்ததா, முனைகளில் ஒட்டுநாடா சுற்றி ஒதுக்குங்கள்.

2023இல் 'மலையகம் 200' என்று விழா எடுத்தோம். உயிர்ப்பிக்க வேண்டியது செத்த கலத்தையல்ல. தனி வீட்டுக்கான கோரிக்கையை.